உன் வரிசையில் என் இடம்

நித்யா கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே "செரிங்கப்பா, வெக்கறனுங்க" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த மலைமேல் காந்தலூரில் நீ உன் சொந்த டேக்வாண்டோ வகுப்பைத் தொடங்கப் போகிறாய். அதை நினைத்தால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து பீரோக் கண்ணாடி முன்னால் நின்று வணக்கம் வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதுகு நேராக, கை தொடையோடு ஒட்டி, கண் தரையில். உன் அம்மா அரிசி களைந்த கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கண்ணாடில இருக்கறவரு திருப்பிக் கும்பிட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். கேலி செய்யட்டும். அவளுடைய பை எனக்கு முன்னாலேயே கட்டி வாசலில் வைத்தாயிற்று என்பதை நான் பார்க்காமல் இல்லை.

சேதி என்னவென்றால், நான் வேட்டி சட்டையில் வரப்போவதில்லை. போன வாரம் நீ என்ன சொன்னாய்? "அப்பா, டோபாக் எடுத்துட்டு வரவேண்டாங்க. வேட்டி கட்டிட்டு வாங்க. முன்னாடி சேர் போட்டிருக்கறேன், பொன்னாடை போத்தறேன்." டோபாக் என்றால் நாம் போடுகிற வெள்ளைச் சீருடை. உனக்குத் தெரியாததா, இதை எதற்கு விளக்குகிறான் என்று பார்க்கிறாயா? நம் நல்லேப்பிள்ளி வாயனசாலை நூலகக்காரர்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக்கொடு என்று என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தின் நகலைத்தான் கொடுக்கப் போகிறேன். நீ பிடிவாதம் பிடித்தால் ஊரே படித்து நியாயம் சொல்லட்டும்.

அதனால் ஊருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் கலையில் வரிசை என்று ஒன்று இருக்கிறது. பெல்ட்டில் மூத்தவர் முன்னால் நிற்க வேண்டும், இளையவர் அவருக்கு முதலில் வணங்க வேண்டும். வயது, வேலை, உறவுமுறை எதுவும் அந்த வரிசைக்குள் வராது. கறுப்பு பெல்ட் வாங்கியபிறகும் டான் என்று மேலே மேலே படிகள் உண்டு. நீ போன மாதம் நாலாவது டான் வாங்கிவிட்டாய். நான் மூன்றாவது டானிலேயே பல வருஷமாக நிற்கிறேன். நாலாவது டானுக்கு வந்தவரைத்தான் மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும் என்பது எங்கள் முறை. ஊரார் என்னை மாஸ்டர் என்றும் மாஷ் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. முறைப்படி பார்த்தால் இந்த வீட்டில் மாஸ்டர் நீதான். நான் டோபாக் போட்டுக்கொண்டு வந்தால் உனக்கு எதிரே மாணவர்களோடு நின்று, எல்லாருக்கும் முன்னால் உனக்கு வணங்க வேண்டும். பெற்ற அப்பன் மகளுக்குத் தலை குனிவதா என்று உனக்கு மனசு கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்த நாற்காலி ஏற்பாடு. எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். வரிசையில் ஓர் இடம் வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதைக் கேட்டுத்தான்.

உன் ஏற்பாடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது நேற்று செல்வமேரி கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. பூண்டு தரம் பிரிக்கிற ஷெட்டை ஞாயிறுதோறும் உனக்கு விட்டுக்கொடுத்திருக்கிற புண்ணியவதி. "ஐயா, நல்லாருக்கீகளா? சர்ச்சுல பூச முடிஞ்சு புள்ளைக எல்லாம் நேரா ஷெட்டுக்குத்தான் வருதுக. ஒங்களுக்கு நாற்காலிக்கு வெள்ளத் துணிகூட எடுத்தாச்சு. நீங்க வேட்டி கெட்டித்தான் வரணுமாம், டீச்சர் சொல்லச் சொன்னாக" என்றாள். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்று அவளைத் தூது விட்டிருக்கிறாய். "அம்மணி, அந்தத் துணிய மடிச்சு வெச்சிருங்க, வேற வேலைக்கு ஆகும்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னிடம் சொல்லியிருப்பாள்.

நீ நாலாவது டான் பாஸான சேதி வந்த சாயங்காலம் நான் ரைஸ்மில் களத்தில் வகுப்பில் இருந்தேன். "அப்பா, கெடச்சிருச்சுங்க" என்று நீ சொன்னதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கிறார்கள், இறக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னேன். மஞ்சள் பெல்ட் வாண்டு ஒன்று, நம் மருந்துக்கடைக்காரர் பேத்தி, கேட்டது: "மாஷே, இனி அக்கா பெரிசுங்களா, நீங்க பெரிசுங்களா?" "அக்காதான் பெரிசு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, என் கறுப்பு பெல்ட்டை நான் முதன்முதலாகக் கட்டிக்கொண்ட அன்றுகூட அவ்வளவு வரவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கியாப் போட்டார்கள். அடிக்கும்போது வயிற்றிலிருந்து எடுக்கிற அந்தச் சத்தத்தை மொத்த வகுப்பும் ஒரே மூச்சில் எடுத்ததும் மில்லுக்குள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரோ மிஷினில் மாட்டிக்கொண்டார்கள் என்று வெளியே ஓடி வந்தார்கள்.

நான் இந்தக் கலைக்குள் வந்த கதையை நீ நிறையத் தடவை கேட்டிருக்கிறாய். ஆனால் அதில் முக்கியமான இடம் வரும்போது நீ எப்போதும் சிரித்துச் சிரித்துக் கோட்டை விட்டுவிடுவாய். கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பெனியில் உலைப் பக்கம் எனக்கு வேலை. வெந்து வெளியே வந்தால் கேன்டீனுக்குப் பின்னால் மணல் மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு ஜோசேட்டன் உதைத்துக்கொண்டிருப்பார். எனக்கு மூத்த தொழிலாளி. அந்த மனிதர் நடந்தால் சாதாரணம், காலைத் தூக்கினால் வேறு ஆள். பார்த்துக்கொண்டே நின்ற என்னை ஒருநாள் கூப்பிட்டு, "நாளைக்கு வாடா" என்றார். அவ்வளவுதான், என் தலையெழுத்து மாறிவிட்டது. கம்பெனிக் காக்கிப் பேண்டிலேயே பழகினேன். ஷிப்ட் முடிந்து மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடும்போது நான் மணல் மூட்டைக்கு ஓடுவேன். உடம்பு முழுக்க வலி, ஆனால் மறுநாள் எப்போது விடியும் என்று இருக்கும்.

முதல் மாவட்டப் போட்டிக்கு அவர்தான் கூட்டிப் போனார். எதிரே ஒரு காலேஜ் பையன், கொக்கு மாதிரி நீளக் கால். வணங்கினேன், நிமிர்ந்தேன். அதன் பிறகு நான் பார்த்தது அந்த மண்டபத்துக் கூரையைத்தான். நீ சிரிக்க ஆரம்பிக்கிற இடம் இது. இனிமேல்தான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகக் கேள். என்னைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு ஜோசேட்டன் சொன்னார்: "டா, நின்டெ வணக்கம் மாத்திரம் நன்னாயிட்டுண்டு." வணக்கம் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது என்கிறார். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. அடுத்த நாளிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொடுக்கிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். உதை சொல்லிக்கொடுக்கிற தகுதி எனக்கு வெகு காலம் கழித்துத்தான் வந்தது. ஆக, என் உத்தியோகம் ஆரம்பித்ததே அங்கேதான் கண்ணு. எனக்கு முதலில் வந்ததும் நன்றாக வந்ததும் வணங்குவது. அதை உன் வகுப்பில் செய்யக் கூடாது என்று நீ தடை போட்டால் நான் எங்கே போய்ச் செய்வேன்?

நம் களத்து வகுப்பைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ அங்கே உருண்டு புரண்டு வளர்ந்தவள். பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டில் வெறும்கால் வைக்க முடியாது. பிள்ளைகள் முன்கூட்டியே வந்து வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய பிறகுதான் வகுப்பு. அறுப்புக் காலத்தில் களம் நெல்லுக்கு, நமக்கு வாயனசாலை முற்றம். நெல்லை அள்ளியவுடன் திரும்பி வந்தால் ஒரு வாரத்துக்குச் சுணை. தற்காப்பு நிலையில் நிற்கச் சொன்னால் பாதிப்பேர் முதுகைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். பெண்பிள்ளைக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தால் யார் கட்டுவார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்களே பிறகு அயல்கூட்ட மகளிர் குழுப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இதெல்லாம் அங்கேயும் நடக்கும். பயப்படாதே. வந்து சண்டை போடுகிறவர்களை நன்றாகக் கவனித்து வைத்துக்கொள், அவர்கள்தான் அடுத்த வருஷம் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள்.

ஆனால் ஒரு நாளை மட்டும் உனக்கு நினைவுபடுத்தியே ஆகவேண்டும். நீ அப்போது நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய், பச்சை பெல்ட். எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் முரளி சாருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட, புத்தம்புது டோபாக்கோடு வகுப்புக்கு வந்து நின்றார். எங்களோடு பழகிக்கொண்டிருந்த கனகம் அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. ராத்திரி ஷிப்ட் விட்டுப் பஸ் இறங்கி நடந்து வருகிற பயம் போகட்டும் என்று சேர்ந்தவள், அப்போது நீல பெல்ட். முரளி சார் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "மாஷே, நான் எவிட நிக்கட்டும்?" என்று கேட்டார். வெள்ளை பெல்ட் கடைசியில்தான் நிற்க வேண்டும். கனகத்துக்குப் பின்னால், பிள்ளைகளுக்கும் பின்னால். ஆனால் எனக்கு ஷிப்ட் போடுகிற கை அவருடையது. வாய் தானாகச் சொல்லிவிட்டது, "இங்க என்ற பக்கத்துல வாங்க சார்."

அவர் வந்து நின்றும் விட்டார். அப்போது பச்சை வரிசையிலிருந்து உன் குரல். "அப்பா, அவருக்கு வெள்ளை பெல்ட்தானுங்களே?" வகுப்பில் என்னை அப்பா என்று கூப்பிடக் கூடாது என்பது ஒரு விதி, கேட்காமல் பேசக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் உடைத்துவிட்டு மூஞ்சியைப் பச்சைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு நின்றாய். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். முரளி சார் குனிந்து தன் பெல்ட்டைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "பாப்பா சொன்னது செரிதானே" என்று சொல்லிக்கொண்டே நடந்து கடைசிக்குப் போனார். ஜோடி சேர்ந்து பழகும் நேரம் வந்தபோது அவருக்குக் கனகம் ஜோடி. அவர்தான் முதலில் வணங்க வேண்டும், வணங்கினார். கனகத்தின் கால்விரல் எல்லாம் சிமெண்டைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவளும் வணங்கினாள். ஒரு வாரம் கழித்துக் கனகம் என்னிடம் சொன்னாள், "முன்னெல்லாம் அவரு மேசைக்கு அடியில கூட்டறப்ப காலை எடுக்கவே மாட்டாருங்க. இப்ப நான் போறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நின்னுக்கறாருங்க." எனக்குப் பத்து வருஷம் வகுப்பெடுத்து வராத புத்தி அன்றைக்கு உன் ஒரு வார்த்தையில் வந்தது.

அந்த வாய் இப்போது எங்கே போயிற்று? வெள்ளை பெல்ட்டைக் கடைசிக்கு அனுப்பத் தெரிந்த உனக்கு மூன்றாவது டானை அதன் இடத்தில் நிறுத்தத் தெரியவில்லையா? சொல்லிவைக்கிறேன், நீ என்னை நாற்காலிக்குக் கூப்பிட்டால் ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி நானும் கேட்பேன்: "ஏனுங்க மாஸ்டர், எனக்கு மூணாவது டான்தானுங்களே?" பூசை முடிந்து வந்திருக்கிற ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதற்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று பார்த்துவிடுகிறேன்.

உன் முதல் கறுப்பு பெல்ட் தேர்வும் அதே காந்தலூர் மலையில்தான் நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் வகுப்புக்கென்று ஒரு ரகசியம் உண்டல்லவா, உன் அம்மாவின் கைவேலை. டோபாக்கைக் கஞ்சித்தண்ணியில் முக்கிக் காயவைத்தால் அதன் கைப்பகுதி மொடமொடவென்று நிற்கும். குத்து விட்டால் படார் என்று சத்தம் வரும். கையில் வலு இல்லாதவன் குத்துக்கூடப் பெரிய ஆள் குத்துப் போலக் கேட்கும். பாலக்காட்டு வெயிலில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. உன் தேர்வு என்பதால் அம்மா பாசத்தில் கஞ்சியைக் கெட்டியாகவே போட்டுவிட்டாள். மலைக்குப் போய் இறங்கினால் பனி. காலையில் பார்க்கிறோம், டோபாக் எல்லாம் பசையாகி உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் காற்றாடட்டும் என்று வேலியில் போட்டோம். திரும்பி வந்து பார்த்தால் ஒரு கன்றுக்குட்டி உன் டோபாக்கின் வலது கையை ஆற அமர நக்கிக்கொண்டிருக்கிறது. மற்ற பிள்ளைகளின் கை படார் படார் என்று அடிக்க, உன் கை மட்டும் சத்தமே இல்லாமல் ஈரமாகத் தொங்கியது. நீ அழுவாய் என்று பார்த்தேன். நீயோ, "பரவால்லைங்க, என்ற குத்து எப்பிடி இருக்குதுன்னு அவங்களே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றாய். சத்தமில்லாத அந்தக் குத்துக்குத்தான் தேர்வாளர் தலையாட்டினார். திரும்பி வரும்போது ஜீப்பில் நீ கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசவில்லை. இந்த ஊரில் ஒரு வகுப்பு இருந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தாய். அதே ஊரில் பி.டி. டீச்சராகப் போய், பூண்டு ஷெட்டைக் காலி பண்ணி, இப்போது அந்த வகுப்பையே கொண்டுவந்துவிட்டாய். எனக்கு எப்படி உட்கார இருப்புக் கொள்ளும், நீயே சொல்.

நாற்காலி ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. எனக்குப் பயம் கண்ணு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு எங்கே போனாலும் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போனால் நாற்காலி, வாயனசாலைக்குப் போனால் நாற்காலி, என் வகுப்பிலேயே பிள்ளைகள் ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் வெள்ளைத் துணி போட்ட நாற்காலியில் பொன்னாடையோடு ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மனசு வராதோ என்றுதான் பயம். போன வாரம் வைத்தியர் மெதுவாகப் பழகலாம் என்று சொல்லிவிட்டார். உன் அம்மாவுக்குக்கூட இதை முழுசாகச் சொல்லவில்லை. நாலாவது டானுக்குப் போகப்போகிறேன். என்னைத் தயார் செய்ய நீதான் வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு மலையேறி வருகிறேன். அன்றைக்குக் களத்து வகுப்பைக் கனகம் பார்த்துக்கொள்வாள். அவளும் கறுப்பு பெல்ட்தானே, என்னைவிடக் கண்டிப்பு வேறு. சின்னப் பிள்ளைகளைத் திட்டுவதுபோல என்னையும் திட்டு, காலை இன்னும் தூக்கச் சொல்லு. தூக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லுவேன். கெஞ்சமாட்டேன்.

அப்புறம் கொஞ்சம் காரியமாகவும் யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை உனக்கு எதிரே யார் நிற்கப்போகிறார்கள்? ரிசார்ட்காரர் பையன், அவர் தோட்டத்தில் பீன்ஸ் பறிக்கிறவர் பெண், எஸ்டேட் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள், மேலே மலைவாழ் மக்கள் குடியிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகள், செல்வமேரியின் இரண்டும். எல்லாமே வெள்ளை பெல்ட். ஒருவருக்கும் வணங்கத் தெரியாது. என் முதல் வகுப்பில் அப்படித்தான் ஆயிற்று. வரிசையில் மூத்தவர்தான் குரல் கொடுத்து வணக்கத்தை நடத்த வேண்டும். எனக்கு அப்படி ஒருத்தரும் இல்லை. நானே குரல் கொடுத்து நானே குனிந்தேன். உன் மாமா பையன்கள் போலீஸ்காரர்போல் சல்யூட் அடித்தார்கள், ஒருத்தன் கோயிலில் விழுவதுபோல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தே விட்டான். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். பார்த்துச் செய்ய வரிசையின் தலையில் ஓர் ஆள் இருந்தால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். அறுபதைத் தொடப்போகிற ஒருத்தர், அதுவும் டீச்சருடைய அப்பா, முறைப்படி நின்று முதலில் வணங்குவதைப் பார்த்துவிட்டால் அதன் பிறகு ரிசார்ட்காரர் பையன் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் உன்னிடம் வந்து சிபாரிசு பேசமாட்டார்கள். நான் முரளி சாரிடம் வழுக்கிய இடத்தில் நீ வழுக்கவேண்டியதே வராது.

நீ போனை வைப்பதற்கு முன்னால் கடைசியாகச் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "நீங்க எனக்குக் கும்பிட்டா எனக்கு அழுகை வந்துருமுங்கப்பா." வரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ ஏழு வயதில் பெரிய டோபாக்கை மடித்து மடித்துக் கட்டிக்கொண்டு முதல் தடவை என் முன்னால் வந்து நின்று வணங்கினாயே, அப்போது நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. வணங்கும்போது கண் தரையில் இருக்க வேண்டும் என்று நான்தான் கண்டித்துச் சொல்லியிருந்தேன். நீ அத்தனை வருஷமும் கண்ணைத் தூக்கவே இல்லை. நானும் குனிந்தேன் கண்ணு. வணங்குகிறவருக்குத் திருப்பி வணங்க வேண்டும் என்பதும் முறைதான். மழையில், வெயிலில், சுணையில், உன்மேல் கோபமாக இருந்த நாளில், நீ என்மேல் கோபமாக இருந்த நாளில் என்று ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு தடவை நான் உனக்குத் தலை குனிந்துகொண்டுதான் இருந்தேன். அப்பன் மகளுக்கு வணங்கலாமா என்று இப்போது புதிதாகக் கேட்கிறாய்.

சனிக்கிழமை காலை முதல் வண்டியில் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, சின்னாறு வழியாக மறையூர், சாயங்காலத்துக்குள் உன் வாசலில் இருப்போம். அம்மாவுக்கு இப்போது ஒரே கவலைதான். "ஏனுங்க, அங்க பனி நெம்ப இருக்குமாட்ட இருக்குது, கஞ்சி போடட்டுங்களா வேண்டாங்களா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சத்தமில்லாமலே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ முன்னால் போய் நில். நான் வரிசையின் தலையில் நின்று, நம் களத்தில் நீ எனக்காகக் கொடுத்த அதே குரலை உனக்காகக் கொடுப்பேன். சாரியோத் என்றதும் எல்லாரும் நேராக நிற்பார்கள். கியோங்னே என்றதும் குனிவோம். என் கண் தரையில் இருக்கும், அதனால் நீ திருப்பி வணங்கினாயா என்று என்னால் பார்க்க முடியாது. எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வகுப்பு தொடங்கும்வரை உன் அப்பா